ஒற்றைக் கண் அழும் வலி

தலைவலி மாத்திரை விற்கிறவனுக்கே தலைவலி என்றால் ஊருக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்தார்கள். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. அரிசி, பருப்பு, பீடி, தீப்பெட்டியோடு ஒரு கண்ணாடி ஜாடியில் தலைவலி மாத்திரையும் வைத்திருப்பேன். மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், உப்பளத்து வெயிலில் நின்றுவிட்டு வருகிற பெண்கள் எல்லாரும் வாங்குவார்கள். ஒரு மாத்திரை, ஒரு டீ, அவர்களுக்கு வலி போய்விடும். எனக்கு வந்த வலி அந்த ஜாதி இல்லை. ஜாடியைக் கவிழ்த்து வாயில் கொட்டினாலும் அசையாது.

சித்திரை பிறந்தால் அது வரும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் வலது மூக்கு அடைக்கும். உடனே தெரிந்துவிடும், சனியன் வந்துவிட்டது என்று. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கம்பியைச் செருகித் திருகுகிற மாதிரி இருக்கும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீராய்க் கொட்டும், இமை தொங்கிவிடும். இடது கண் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சும்மா இருக்கும். மற்றத் தலைவலிக்காரர்கள் இருட்டில் படுத்துக்கொள்வார்கள். எனக்குப் படுத்தால் உயிர் போகும். அரிசி மூட்டைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடப்பேன். சுவரில் நெற்றியை முட்டுவேன். ஒரு மணி நேரம் போல ஆட்டிப்படைத்துவிட்டு வந்த மாதிரியே போய்விடும். மறுநாள் அதே நேரத்துக்கு ஆஜர். வைகாசி கடைசியில் ஒருநாள் தானாக நின்றுவிடும். அப்புறம் அடுத்த சித்திரைதான்.

எனக்குச் செய்யாத வைத்தியம் கிடையாது. சுக்குப் பற்று போட்டு நெற்றித் தோல் உரிந்தது. மூக்கில் தும்பைச் சாறு விட்டு, கடை வாசலில் நின்று தும்மித் தும்மி, வந்த ஆட்களும் ஓடிப்போனார்கள். பல்லில்தான் கோளாறு என்று ஒரு பல் வைத்தியர் நல்ல கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. "கண்ணு பட்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று என் மனைவி கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி வீட்ல சண்டையா?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த மாதங்களில் சாமான் வாங்க வருகிறவர்கள் பயந்து பயந்துதான் வருவார்கள்.

கடைசியில் ஒரு வயதான டாக்டர்தான் கண்டுபிடித்தார். "ஓய், இது பல்லும் இல்லை, பேயும் இல்லை. கொத்துக் கொத்தாக வருகிற ஒரு தலைவலி. சீசன் வைத்து வரும்" என்று சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இரண்டு கண்ணிலும். வலிக்கு ஒரு பெயர் உண்டு, எனக்குப் பைத்தியம், கோட்டி ஒன்றும் பிடிக்கவில்லை என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டாரே. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூக்கு அடைக்க ஆரம்பித்ததுமே போட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கேட்கும், சில நாள் கேட்காது. "இது ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து. நான் சொன்ன அளவுக்கு மேல் ஒன்று போட்டாலும் கை கால் விரலுக்கு ரத்தம் போகாது. விரல் அழுகிப் போகும், வெட்டத்தான் வேண்டும்" என்று மிரட்டி அனுப்பினார்.

அந்த வருஷம் ஐப்பசியில், மனைவிக்கு இருமல் என்று அதே டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். வெளியே வேப்ப மரத்தடியில் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், கடற்கரைக்காரன், கழுத்தில் மாதா படம் போட்ட சங்கிலி. ஒரு கையால் இடது கண்ணை அழுத்திக்கொண்டு மரத்துக்கும் சுவருக்குமாக நடக்கிறான். "சேசுவே, சேசுவே" என்று முனகுகிறான். பெஞ்சில் இருந்தவர்கள், "குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டான் பாரு" என்று காலை மடக்கிக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட, இவன் நம்ம ஆளு!

நேரே டாக்டர் அறைக்குள் போய், "ஐயா, என் வலி வெளியே நடந்துக்கிட்டிருக்கு" என்றேன். டாக்டர் அவனுக்கும் என் மாத்திரையையே எழுதிக் கொடுத்தார், அதே மிரட்டலோடு.

அவன் கப்பலில் சுமை தூக்குகிற விஞ்ச் எந்திரம் ஓட்டுகிறவன். புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் கரையை ஒட்டிக் கட்ட ஆரம்பித்திருந்த காலம் அது. கப்பல் வயிற்றுக்குள் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே இரும்புக் கயிற்றில் மூட்டைக் கட்டு தொங்கும். அதை ஏற்றுவதும் இறக்குவதும் விஞ்ச்காரன் கையில் இருக்கிறது. அந்தக் கை ஒரு நிமிஷம் பிசகினால் கீழே ஒரு குடும்பம் போச்சு. நல்லவேளை, அவனுக்கு வலி சாயங்காலம் வேலை முடிந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வரும். அவன் சீசன் ஐப்பசி, கார்த்திகை.

இப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது. எனக்கு வலி வருகிற மாதம் அவன் சுகமாக இருப்பான், அவனுக்கு வருகிற மாதம் நான் சுகம். சித்திரையில் வேலை இல்லாத மத்தியானங்களில் வந்து தராசைப் பிடித்துக்கொள்வான். "அண்ணாச்சி உள்ள சரக்குப் பாக்குதாரு, என்ன வேணும்?" என்று வாய் கூசாமல் பொய் சொல்லுவான். உளுந்துக்குப் பதில் பாசிப்பயறு கட்டிக் கொடுத்து எனக்குக் கெட்ட பெயரும் வாங்கித் தந்திருக்கிறான். ஐப்பசியில் நான் அவனுக்குத் துணை. வலி வந்தவனைத் தொடக் கூடாது, தலையைப் பிடித்துவிடக் கூடாது, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கவே கூடாது. நல்ல கண் இருக்கிற பக்கமாகக் கூட நடக்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவிக்கு இத்தனை வருஷமாகப் பிடிபடாத வைத்தியம் இது. அவள் காபியோடு பின்னாலேயே வருவாள், பாவம்.

இப்படி ஓரிரண்டு வருஷம் போயிற்று. அதற்கடுத்த கார்த்திகையில் அவனுக்கு வலி ரொம்ப மோசமானது. தினம் ஒரு தடவை வந்தது இரண்டாக வர ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்த அளவு போதவில்லை. அப்போது ஒரு வெளிநாட்டுக் கப்பல் சமையல்காரன், இவன் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் குழாய் நிறைய மாத்திரை கொடுத்திருக்கிறான். எங்கள் ஊரில் கப்பல் சாமான் என்றால் மறுபேச்சே கிடையாது. கப்பல் சோப்பு, கப்பல் பிளேடு, கப்பல் டார்ச் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவோம். உள்ளூர்ச் சோப்பையே கப்பல் சோப்பு என்று சொல்லி விற்றவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கப்பல் மாத்திரையை ஒருவன் சந்தேகப்படுவானா? மேலே எழுதியிருந்தது எந்தப் பாஷை என்றே அவனுக்குத் தெரியாது. போட்டதும் வலி பறந்திருக்கிறது. டாக்டர் மாத்திரையை அளவு தவறாமல் போட்டான். அது போதாதபோது கப்பல் மாத்திரையையும் போட்டான். அது வேறு மருந்து, இது வேறு மருந்து என்று அவன் நினைப்பு.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் காலையில் கடைக்கு வந்து தீப்பெட்டி கேட்டான். எடுத்து நீட்டினேன், கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தான், மறுபடி விழுந்தது. "மழைத் தண்ணில நின்னு கை மரத்துப்போச்சு அண்ணாச்சி" என்று சிரித்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. நகமெல்லாம் நீலம்.

"ஏலே, எத்தனை மாத்திரைடா போடுத?"

"டாக்டர் சொன்ன அளவுதாம் அண்ணாச்சி, மாதா சத்தியமா. அது போக, கப்பல் மாத்திரை கொஞ்சம்."

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நாடி கிடைக்கவில்லை. அவன் மடியிலிருந்து குழாயை எடுத்து நீட்டினான். கண்ணாடியைப் போட்டுப் படித்தவருக்கு முகம் மாறிவிட்டது. "இரண்டும் ஒரே மருந்துடா! ஒரே மருந்து!" என்று மேஜையில் அடித்தார்.

ஆஸ்பத்திரியில் போட்டுக் கைக்குச் சூடு காட்டி, ஊசி மேல் ஊசி போட்டு, நாடி மெல்லத் திரும்பியது. ஆனாலும் வலது கை விரல் நுனிகள் கறுத்தே கிடந்தன. அவை தப்புமா, வெட்ட வேண்டுமா என்பதை இன்னும் சில நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதுவரை அந்த மாத்திரையில் பாதிகூடத் தொடக் கூடாது, தொட்டால் விரல்கள் போய்விடும். வலிச் சீசனை நிறுத்த வேறொரு மாத்திரை எழுதினார். அது உள்ளே இறங்கி வேலை செய்யச் சில நாள் ஆகும். இடையில் வருகிற வலியை வெறும் உடம்போடு தாங்க வேண்டும்.  அந்த வலியில் ஒரு நிமிஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பிய முதல் நாள் சாயங்காலம், நான் அவன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவனே கடைக்கு ஓடிவந்தான். இடது கண் ரத்தமாய் இருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு குடுங்க."

என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். சித்திரையில் மிச்சமான மாத்திரை என் அலமாரியில் இருப்பது அவனுக்கும் தெரியும். வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"தர மாட்டேம்லே."

"தீந்துபோச்சா?"

தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். அந்த வலியில் நிற்கிறவனிடம் எனக்குப் பொய் வரவில்லை. "இருக்கு. தர மாட்டேன்."

"விரலு போனாப் போட்டும் அண்ணாச்சி. எனக்கு எதுக்கு விரலு? ஒண்ணே ஒண்ணு." என் காலில் விழுந்தான். தூக்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டுத் தராசுப் பக்கம் போய் எடைக்கல்லை எடுத்து ஓங்கினான். விரல் பிடிக்கவில்லை. கல் நழுவித் தரையில் விழுந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது, உமக்குத் தெரியும்லா! தெரிஞ்சும் இப்படி நிக்கேரே, நீரு மனுசனா?"

"தெரியும்லே. தெரிஞ்சுதாம்லே நிக்கேன்."

உள்ளிருந்து வந்த என் மனைவி அழுதாள். "பாதியாவது குடுங்களேன். பாக்க முடியல" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், என் கையே இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. கொடுத்துவிட்டால் இந்த நிமிஷமே அவன் அலறல் நின்றுவிடும். அவனைவிட எனக்கு அது வேண்டியிருந்தது. சாவியை உருவி அவளிடம் எறிந்தேன். "பக்கத்து வீட்ல போய் உக்காரு. நானே வந்து கேட்டாலும் தராத!" என்று கத்தினேன். என்னைவிட அவள் நெஞ்சு இளகினது என்று தெரியும். ஆனாலும் நான் சொல்லிவிட்டால் மாறமாட்டாள். போய்விட்டாள்.

பிறகு அவனை வெளியே கூட்டிவந்தேன். கடற்கரைச் சாலையில் நடந்தோம். நான் அவன் வலது பக்கம். வழியெல்லாம் என்னைத் திட்டினான். "நீரு செத்தா தூக்க வரமாட்டேன்" என்றான். "கடைக்காரப் புத்தி, மாத்திரையக்கூடப் பூட்டி வைக்கேரு" என்றான். விளக்குக் கம்பம் வந்தால் தலையை முட்டுவான். நான் கையைக் குறுக்கே வைப்பேன், என் கையில் முட்டுவான். மீன் கூடையோடு போன பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. துடைக்கக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துப் பக்கம் வந்ததும் நின்றான். மூக்கை உறிஞ்சினான். எனக்குப் புரிந்தது, வலி இறங்கிவிட்டது. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தோம். அவன் கறுத்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். முழுக்க மடங்கவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்கும் வருவேன்."

"வா."

"கேப்பேன். இன்னும் கேவலமாக் கேப்பேன். உங்க வீட்டம்மா கால்ல விழுவேன்."

"விழு."

 அப்புறம் என் முழங்கையை அந்தக் கையால் பிடித்துக்கொண்டான். பிடி இல்லாத பிடி.

"குடுத்துராதிய அண்ணாச்சி."

மறுநாள் வந்தான், சொன்ன மாதிரியே கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். நான் கொடுக்கவில்லை. தை மாதம் பத்து விரலோடு மறுபடி விஞ்சில் ஏறினான்.