பிடுங்குவது மட்டும் இலவசம்

தையலம்மாவின் வாயில் மிச்சமிருந்தவை இரண்டே இரண்டு பற்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் இடதுபக்கக் கோரைப்பற்கள். இரண்டும் நேருக்கு நேர் நின்றது அவள் செய்த புண்ணியம். பழைய துணிகளைப் பிரித்துச் சுருக்கியும் நீட்டியும் தைத்துக் கொடுக்கிற கடையில் அவளுக்குப் பத்தொன்பது வருடமாக வேலை. கழுத்தில் நாடா கட்டிய கத்தரிக்கோல் தொங்கும். ஆனால் ஓரம் தைத்து முடித்ததும் கை அதைத் தேடாது. நூலை வாயின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோவாள், டக்கென்று ஒரு கடி, வேலை முடிந்தது. "கஸ்டமர் துணியில வாய் வைக்காதம்மா" என்று சொல்லிச் சொல்லி முதலாளிக்கு அலுத்துவிட்டது. அந்த இரண்டு பற்களுக்கும் வேறு வேலையும் இல்லை. மெல்லுவதற்கு இரண்டு பல் போதாது. ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து விழுங்குவாள், சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து விழுங்குவாள். மூன்று வருடமாக ஒரு வேர்க்கடலை தின்றதில்லை.

ஐம்பத்தாறு வயதில் மற்ற பற்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. சில தானாக ஆடி விழுந்தன. மற்றவை எல்லாம் ஒரே கட்டடத்தில், ஒரே கீழ்த்தளத்தில், ஒரே இலவச வரிசையில் நின்று பிடுங்கிக்கொண்டவை.

முதல் பல் போனபோது வயது முப்பத்து நான்கு. கடைவாயில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, ராத்திரி பகலாக வலி. பெரிய பல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "காப்பாத்தலாம். வேர்வரைக்கும் சுத்தம் பண்ணி மூடணும். இங்க பண்றதில்ல, வெளிய பண்ணிக்குங்க" என்றார். வெளியே கேட்ட தொகை இரண்டு மாத வீட்டு வாடகை. அந்த மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது.

வேன் ஓட்டுகிற கணவர் கணக்கை ஒரே வரியில் முடித்தார். "பிடுங்குறது இலவசம்ங்கறான். ஓசியில வலி போகுதுன்னா யோசிக்க என்ன இருக்கு? வாயிலதான் இன்னும் அத்தனை பல்லு இருக்கே!"

அது உண்மைதான். அப்போது அத்தனை இருந்தன. அடுத்த தடவையும் அதே பேச்சு, அதற்கடுத்த தடவையும் அதே பேச்சு. வலி வரும், அடைக்கக் காசு கேட்பார்கள், பிடுங்கக் காசு கேட்கமாட்டார்கள். இல்லாதவன் எந்தப் பக்கம் போவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இருபத்திரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாய்ந்தது, சாய்ந்ததில் சோறு அடைந்தது, அடைந்தது சொத்தையானது. மறுபடி டோக்கன், மறுபடி நாற்காலி, மறுபடி வாயில் பஞ்சு.

இந்த வருடம்தான் கணவர் ஒரு செய்தியோடு வந்தார். அரசாங்கத்தில் முழுப் பல்வரிசைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், மேல் வரிசை கீழ் வரிசை இரண்டும் சும்மா கொடுக்கிறார்களாம். கூட வேன் ஓட்டுகிறவருடைய மாமியார் வாங்கி, இப்போது நறுக்நறுக்கென்று எதையோ கடித்துக்கொண்டே இருக்கிறாளாம்.

அதே ஆஸ்பத்திரி, அதே கீழ்த்தளம், நாலாம் நம்பர் அறை. உள்ளே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு ஓர் அலுவலர். முதல் நாள் படிவம் தீர்ந்துபோயிருந்தது. இரண்டாம் நாள் படிவம் இருந்தது, வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதற்கு வேறோர் அலுவலகம், வேறொரு வரிசை, மூன்று வார அலைச்சல். வாங்கிக்கொண்டு போனால், போட்டோ வேண்டும் என்றார்.

"போட்டோ ஒட்டியிருக்கேனே."

"அது வாய மூடின போட்டோம்மா. வாயத் திறந்த போட்டோ ஒண்ணு வேணும். பல்லு இல்லங்கறது தெரியணும் இல்ல?"

தையலம்மா ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து ஆவென்று வாயைத் திறந்தாள். "சிரிங்கம்மா" என்றான் போட்டோக்காரன், பழக்க தோஷத்தில். அவள் பார்த்த பார்வையில் அவன் அவசரமாகப் படத்தை எடுத்து முடித்தான்.

நாலாவது நாள் அலுவலர் கண்ணாடியைக் கீழே இறக்கி அந்தப் போட்டோவைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார்.

"ரெண்டு பல்லு இருக்கே."

"ஆமா. ரெண்டுதான் இருக்கு."

"திட்டம் முழு வரிசைக்குத்தாம்மா. இயற்கைப் பல் எதுவும் இல்லைன்னு டாக்டர் சான்றிதழ் குடுக்கணும். ஒண்ணு இருந்தாலும் வராது."

"அப்ப ரெண்டு பல்லு இருக்கறவங்களுக்கு என்ன திட்டம்?"

"அவங்களுக்குத் திட்டம் இல்ல."

"முப்பது பல்லு இருக்கறவனுக்கு எதுவும் வேண்டாம். ஒண்ணுமே இல்லாதவனுக்கு நீங்க குடுக்கறீங்க. ரெண்டு இருக்கறவ என்ன பாவம் பண்ணினா?"

அலுவலர் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிற தோரணையில் சொன்னார். "அந்த ரெண்டையும் எடுத்துட்டு வந்துடுங்கம்மா. எதிர்லதான் ரூம். எடுக்கறது இலவசம். ஆனா சீக்கிரம் எடுங்க. எடுத்த புண்ணு ஆற மூணு மாசம், அப்புறம்தான் சான்றிதழ் தருவாங்க. உங்க வருமானச் சான்றிதழ் மூணு மாசம் பதினோரு நாள்ல காலாவதி ஆகுது."

அவளுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள் என்று எழுதலாம், ஆனால் எதைக் கொண்டு கடிப்பாள்?

வீட்டில் கணவர் வழக்கம்போலத் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டக் குடுத்துட்டு இருபத்தெட்டு வாங்கறோம். இதுல என்ன நஷ்டம்?"

"நல்ல பல்லுங்க. வலியே இல்ல."

"வலி இல்லாத பல்ல வெச்சுக்கிட்டு என்னத்தத் தின்ன?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சல். மறுநாள் கடையில் ஈறால் நூலை அறுக்க முடிகிறதா என்று ரகசியமாகப் பார்த்தாள். நூல் எச்சிலில் நனைந்து நைந்து திரிந்ததே தவிர அறுபடவில்லை. கத்தரிக்கோலுக்குப் பழகினால் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் பக்கத்து மேஜைக்காரி கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையைப் பார்த்தாள். அதோடு முடிவு செய்துவிட்டாள். இரண்டும் போகட்டும்.

வியாழக்கிழமை காலை டோக்கன் நம்பர் பதினேழு. கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே நடுத்தர வயது டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அந்த நாற்காலியின் தலைப்பக்கக் கிழிசலைக்கூட அவள் முதுகு அறியும். டாக்டரம்மா சின்னக் கம்பியால் இரண்டு பற்களையும் தட்டினார், அசைத்துப் பார்த்தார்.

"எதும்மா வலிக்குது?"

"எதுவும் வலிக்கல."

"ஆடுதா?"

"ஆடலையே."

"கல்லு மாதிரி இருக்கு. இத எதுக்கு எடுக்கணும்?"

"இது ரெண்டும் இருந்தா பல்லு செட்டு தரமாட்டாங்களாம். எடுத்துடுங்க டாக்டர்."

டாக்டரம்மா படிவத்தை இழுத்து வைத்தார். 'அகற்றக் காரணம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். சொத்தை, ஆட்டம், உடைவு, வலி. பேனா நான்கின் மேலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்தரத்தில் நின்றது.

"காரணம் என்னன்னு எழுதறது?"

"பல்லு வேணும், அதுக்காகப் பல்ல எடுக்கறோம்னு எழுதுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. வெளியே பதினெட்டு, பத்தொன்பது, இருபது எல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. நர்ஸுக்குப் பொறுமை இல்லை. "சொத்தைன்னு டிக் பண்ணிடுங்க மேடம். எப்பவும் அதானே."

தையலம்மா வாயை மூடிக்கொண்டு சும்மா கிடந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். அவள் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சொத்தைன்னு எழுதாதீங்க!"

நர்ஸ் திடுக்கிட்டாள்.

"என் வாயில இருந்தது எல்லாத்தையும் சொத்தை சொத்தைன்னு சொல்லித்தான் இதே நாற்காலியில எடுத்தீங்க. சரின்னு குடுத்தேன். இது ரெண்டும் சொத்தை இல்ல. நல்ல பல்லு. தினமும் சாம்பிராணி போடாத குறையாப் பாத்துக்கிட்டு வரேன். எடுக்கறதா இருந்தா நல்ல பல்லத்தான் எடுத்தோம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு எடுங்க."

பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"அப்படி என்னால எழுத முடியாதும்மா. ஆமா, நீங்க மூணாவது மாடிக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"மூணாவது மாடியில என்ன இருக்கு?"

"ஸ்டூடண்ட்ஸ் பிரிவு. இது காலேஜ்தானே. இருக்கற பல்ல வெச்சுக்கிட்டே, இல்லாத இடத்துக்கு மட்டும் செட்டு பண்ணுவாங்க. பொருளுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் கட்டணும். வருமானச் சான்றிதழ் இருந்தா அதுவும் கிடையாது."

"இத ஏன் நாலாம் நம்பர் ரூம்ல சொல்லல?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"நீங்க?"

டாக்டரம்மா கையுறையைக் குப்பைக்கூடையில் போட்டார். "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சோம்."

காலேஜ் என்பதே தையலம்மாவுக்குத் தெரியாது. காலேஜின் பெயர்ப்பலகையும் வாசலும் பின்தெருவில் இருந்தன. முன்தெரு வழியாக வந்தவர்களுக்கு அது ஆஸ்பத்திரி மட்டுமே. லிஃப்ட் ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. பெஞ்சில் கண்ணயர்ந்திருந்த கணவரை எழுப்பாமல், மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினாள். 'மாணவர் சிகிச்சைப் பிரிவு, எல்லோரும் வரலாம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை அங்கே இருக்கத்தான் செய்தது. மூன்று மாடி ஏறி வந்தவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய பலகை.

உள்ளே வரிசை இல்லை. இருபது நாற்காலிகளில் பன்னிரண்டு காலி. கடைசி வருடம் படிக்கிற ஒரு பெண் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் கூவாத குறை.

"அம்மா, ரெண்டும் எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு! செட்டோட கம்பிய இதுல மாட்டினா சூப்பரா பிடிக்கும். இத யாரும் எடுக்கச் சொல்லலையே?"

தையலம்மா அதற்குப் பதில் சொல்வதற்குள், இளஞ்சிவப்புப் பசை நிறைந்த தட்டு வாய்க்குள் போய்விட்டது. அச்சு இறுகும்வரை அசையக்கூடாது, பேசக்கூடாது. தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள்.

"இனிமே இந்த ரெண்டுல ஏதாவது வலிச்சா கீழ போகாதீங்கம்மா, நேரா இங்க வாங்க. சொத்தை அடைக்கறது, வேர் சிகிச்சை எல்லாம் இங்கயே பண்றோம். எங்களுக்குப் பேஷண்ட்தான் கிடைக்கறதில்ல. பரீட்சைக்குக் காட்டணும் இல்ல? ஆட்டோவுக்குக் காசு குடுத்துக் கூட்டிட்டு வருவோம், தெரியுமா? எங்கம்மாவும் இதே காலேஜ்தான். முப்பது வருஷம் முன்னாடி. அப்பவும் இதே கதைதானாம். சொத்தைப் பல்லு இருக்கறவங்க யாராவது இருக்காங்களான்னு இந்தத் தெருவெல்லாம் தேடி அலைஞ்சாங்களாம்."

முப்பது வருடம். தையலம்மா கணக்குப் போட்டாள். அவளுடைய முதல் பல் போய் இருபத்திரண்டு. அவள் கன்னம் வீங்கிக் கீழே டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோதெல்லாம், மேலே சொத்தைப் பல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் இருந்தது மூன்று மாடிப் படி. ஒருத்தன், ஒரே ஒருத்தன், கையை மேலே காட்டியிருந்தால் போதும். நாலாம் நம்பர் அறையை, கீழ்த்தளத்தை, படிவம் அச்சடித்தவனை, ஓசி ஓசி என்று முழங்கிய கணவரை, கேட்காமல் விட்ட தன்னை, எல்லோரையும் வாய் நிறையத் திட்ட வேண்டும்போல் இருந்தது. வாய் நிறையப் பசை இருந்தது.

கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"குமட்டுதா? இன்னும் ஒரே நிமிஷம்மா. மூக்கால மூச்சு விடுங்க" என்றாள் அந்தப் பெண்.

அச்சு நன்றாக வந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, உதட்டில் ஒட்டிய பசையைக்கூடத் துடைக்காமல் தையலம்மா படி இறங்கினாள். கீழே கணவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"என்ன, எடுத்துட்டாங்களா? ரெண்டும்?"

அவள் அவரைத் தாண்டிப் போனாள். பெஞ்சின் மறுகோடியில் பெயிண்ட் வேலை செய்கிற ஒருவன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கையெல்லாம் வெள்ளைச் சாயத்தோடு வலதுகன்னத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் டோக்கன்.

"என்னப்பா, சொத்தையா?"

"ஆமாக்கா. கடைவாப் பல்லு. வெளிய அடைக்க ரொம்பக் கேக்கறாங்க. இங்க பிடுங்கறது இலவசமாமே."

"இதுதான் மொதப் பல்லா?"

"ஆமாக்கா, மொதப் பல்லுதான். மத்தது எல்லாம் நல்லா இருக்கு."

தையலம்மா அவன் விரலிடுக்கிலிருந்து டோக்கனை உருவி, நாலாய்க் கிழித்தாள். கணவர் பதறிப்போனார். "ஏய், என்ன பண்ற? யாரு எவருன்னு தெரியாம..." பெயிண்டர் வலியை மறந்து வாயைப் பிளந்தான். கடைவாயில் சின்னக் கறுப்புப் புள்ளி.

"எழுந்திரு. மூணாவது மாடி" என்று அவன் முழங்கையைப் பிடித்தாள். "லிஃப்ட்ல விடமாட்டாங்க. நடந்துதான் போகணும், வா."