தெருமுனையில் ஊமையான சேகண்டி

சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில், கோயில்களில் கட்டையால் அடிக்கும் வட்டமான வெண்கலச் சேகண்டி ஒன்று தொங்குகிறது. தட்டினால் ஒலிக்காது. உடைந்த பானையைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வரும். அதுவும் உடனே அடங்கிவிடும். விளிம்பிலிருந்து நடுவரை அதில் ஒரு வெட்டு ஓடுகிறது. கீழே விழுந்ததா என்று வருபவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அது என் தாய்மாமாவின் கையில் இருந்தது. கடலூர் முதுநகரை ஒட்டி எங்கள் மீனவக் குப்பம். மாசி மகத்தன்று அம்மனைப் பல்லக்கில் கடலுக்குக் கொண்டுபோகும்போது மாமாதான் முன்னால் சேகண்டி அடித்துச் செல்வார். அது ஒலிக்காமல் எந்த மேளக்காரரும் குச்சியை இறக்க மாட்டார். வழியில் தர்கா தெரு. அதன் முனையில் மாமா சேகண்டியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார், மேளம் நின்றுவிடும். மறுமுனைவரை வெறும் காலடிச் சத்தம்தான். நான் பிறப்பதற்கு முன் ஒரு மாசி மகத்தில், மேளத்தை நிறுத்தச் சொல்லி எழுந்த சண்டையில் இரு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். மாமாவின் அண்ணன் ஒருவர். அந்த முனையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்த பாயின் அண்ணன் இன்னொருவர். அதன்பிறகு வந்த முறை இது.

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் ஒரு நாளிதழின் நிருபர். அண்ணாமலை நகரில் அறை. மாசி மகச் செய்திக்காக ஊருக்குப் போனபோது பேச்சு மாறியிருந்தது.

“இந்த வருசம் நிறுத்த மாட்டோம் மாமா. யாரு கேக்குறாங்கன்னு பாத்துடலாம்” என்றான் குப்பத்து இளைஞன் ஒருவன். “ஒனக்குக் கை நடுங்குனா எங்கிட்டக் குடு.”

“வலையையே நேரா வீசத் தெரியாது, இவன் சேகண்டி அடிக்கப் போறானாம்” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பல்லக்கின் அடியில் வைக்கோலுக்குள் கழிகள் இருந்தன. தர்கா தெருவின் மொட்டைமாடிகளில் செங்கல் குவிந்திருந்தது. அங்கே யாரும் வீடு கட்டிக்கொண்டிருக்கவில்லை.

முனையில் பல்லக்கை இறக்கித் தேங்காய் உடைப்பது வழக்கம். அந்த நேரத்தில் மாமா பாய் கடைக்குள் போய்த் தண்ணீர் குடிப்பார். அன்று சேகண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். வெளியே வர நேரமானது. உள்ளே ரம்பம் அறுக்கும் சத்தம். பாத்திரக் கடையில் அது புதிதில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பல்லக்கு எழுந்தது. மாமா சேகண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தெருவுக்குள் கால் வைத்ததும் அந்த இளைஞன் அதையும் அடிக்கும் கட்டையையும் பிடுங்கி முழு பலத்தோடு அடித்தான்.

டொக்.

மறுபடி அடித்தான். அதே சத்தம். ஓங்கிய மேளக்குச்சிகள் ஓங்கியபடியே நின்றன. மாடிகளில் இருந்தவர்களும் அசையவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “ஆத்தா வாயக் கட்டிட்டாடா.” அவன் கையிலிருந்து கட்டை நழுவியது.

வழக்கமாக மறுமுனையில் சேகண்டி ஒலித்து மேளம் தொடங்கும். அன்று ஒலிக்க எதுவும் இல்லை. கடல்வரை அத்தனை ஜனமும் பேசாமல் நடந்தது. நல்ல வெயில். பல்லக்குத் தண்டு முனகுவது மட்டும் கேட்டது. அம்மனை நீரில் இறக்கியபோது குலவைகூட எழவில்லை. எத்தனையோ திருவிழாக்களுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது அன்று ஒருமுறைதான். ‘மாசி மகம் அமைதியாக நடந்தது’ என்று எழுதி அனுப்பினேன்.

கரையில் சேகண்டியை வாங்கிப் பார்த்தேன். வெட்டின் உட்புறம் புதிதாக மின்னியது. மாமா அதன்மேல் துண்டைப் போட்டார். துண்டில் வெண்கலத் தூள் ஒட்டியிருந்தது.

ஊர் புதுச் சேகண்டி வாங்கியது. அதைத் தொட மாமாவை விடவில்லை. ஆத்தா வாயைக் கட்டிய சேகண்டியைப் பிடித்த கை, ஆகாது என்றார்கள். புதுப் படகைக் கடலில் இறக்கும்போது அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒருநாள் பழைய சேகண்டியைப் பாயிடமே கொடுத்துவைக்க அவர் கடைக்குப் போனார் மாமா; நானும் கூடப் போயிருந்தேன்.

“என்ன மச்சான், ஒம்ம மணிக்குக் கட்டுன தொண்ட இன்னும் தொறக்கலியா?”

“எல்லாம் ஒம்ம கைவைத்தியந்தான் பாய்.”

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா இறந்தபோது, பாடைக்கு முன்னால் அடிக்க ஊர்ச் சேகண்டியைத் தர மறுத்தார்கள். கிழவராகிவிட்ட பாய் வெட்டுப்பட்ட பழைய சேகண்டியோடு வந்து முன்னால் நடந்தார். டொக், டொக் என்று அடித்துக்கொண்டே போனார். தர்கா தெருமுனை வந்ததும் அடிப்பதை நிறுத்தி, ஒலிக்காத அந்தச் சேகண்டியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனை தாண்டித்தான் கையை எடுத்தார்.

இப்போது அம்மன் டிராக்டரில் வேறு வழியாகக் கடலுக்குப் போகிறாள். ஒலிபெருக்கியில் பாட்டு. தர்கா தெருவுக்குள் யாரும் வருவதில்லை. பாய் கொடுத்த சேகண்டி என் கூடத்தில் இருக்கிறது. தூசி துடைக்கும்போது துணி வெட்டில் மாட்டி நூல் பிரிகிறது. எடுத்துவிட்டு, சற்று நேரம் அதன்மேல் உள்ளங்கையை வைத்திருப்பேன்.