ஷம்ஷாத் வீட்டு ரம்ஜான்

போன வாரம் பென்னாகரத்தில் என் டெய்லர் காசிம் பாய், தைத்த சட்டையோடு ஒரு பரீட்சைப் பேப்பரையும் நீட்டினார். ஆறாவது படிக்கும் அவர் மகள் ஷம்ஷாத்தின் காலாண்டுத் தமிழ்ப் பேப்பர். என்னிடம் காட்டலாமா, வேண்டாமா என்று மூன்று மாதம் வைத்திருந்தாராம்.

‘ரம்ஜான் அன்று சலீம் வீட்டார் என்ன செய்தனர்?’ என்று கேள்வி. ‘காலையில் சேமியா பாயசம் குடித்துவிட்டுத் தொழப் போனார்கள். பண்டிகையன்று நோன்பு வைக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில், சிவப்பு மையில் பெரிய முட்டை.

“இந்தக் கதை நீங்க எழுதினதுதானுங்களே சார்?” என்றார் பாய். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஆமாம், நான்தான். துணைப்பாட நூலில் இருக்கிறதே, சலீம் கதை - மத ஒற்றுமை வளர்க்கிறது என்று உங்களில் எத்தனை பேர் கார்டு போட்டீர்கள்! அதில் பண்டிகையன்று பகல் முழுக்க எல்லோரும் பட்டினி. சாயங்காலம்தான் பிரியாணி.

ஏன் அப்படி எழுதினேன்? எங்கள் வீட்டில் கிருத்திகை என்றால் விரதமிருந்து, பூஜை முடிந்துதான் இலை போடுவார்கள். சலீமையும் அப்படியே பட்டினி போட்டுவிட்டேன். மாதம் முழுக்க நோன்பிருந்து முடித்த பிறகுதான் அவர்களுக்குப் பண்டிகையே என்பது தெரியாது. பாய் கடை என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... தோன்றவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். “கதை தப்பு சார், அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி” என்றேன்.

தமிழாசிரியர் சிரித்தார். “புக்ல இருக்கிறதுக்குத்தானுங்க மார்க் போட முடியும்? அந்தப் பொண்ணும் இப்பத் திருத்திக்கிட்டாளே, பாருங்க” என்று அவளுடைய அரையாண்டுப் பேப்பரை எடுத்துப் போட்டார். அதே கேள்வி. பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் பிரியாணி. என் வாக்கியங்கள், ஒரு கமா பிசகாமல். முழு மார்க்.

சாயங்காலம் கடையில் ஷம்ஷாத் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். “உங்க வூட்ல ரம்ஜான் அன்னிக்குப் பட்டினியா பாப்பா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. பரீட்சைக்கு மட்டும் அப்படிங்க.”

முந்தின நாள் விட்டுவந்த சட்டையை, வெட்கத்தில் அன்றும் வாங்காமலே வந்துவிட்டேன். பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். எழுதி என்ன? இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்து முடித்தாயிற்று!

அந்த வீட்டுக் கதையை எழுத வேண்டியவள் அவள்தான் - இப்போது அவள் கையெழுத்திலும் இருப்பது என் பொய்.