அய்யா ஒரு போன் போட்டால் போதும்

அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும் டில்லி வீட்டைக் காலி செய்து, நான் டீச்சராக இருக்கும் கோவில்பட்டிக்கு அழைத்து வந்தேன். இளம் வயதில் குத்தகை விவசாயிகளைத் திரட்டிப் போராடியவர். போலீஸ் தேடியபோது நாகலாபுரம் பக்கம் ஓர் ஆட்டுக்கிடையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டு மாதம் இடையராக இருந்தார். பிறகு சிறை. அதற்குப் பிறகு பாராளுமன்றம், கட்சியின் அகில இந்தியத் தலைமை. மந்திரிகள் அவர் போனுக்குக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நான் சோறு பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவார். வெளியில் கேட்பவர்களிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வந்தேன்.

ஒரு மத்தியானம் அறுபது வயதுப் பெண்ணொருத்தி ஊர்க்காரர்கள் நாலு பேரோடு வந்தாள். அப்பாவை ஒளித்து வைத்திருந்த அந்தக் கிடைக்காரரின் மகள். அப்பா போன திசையைச் சொல்லாததற்காகப் போலீஸ் அடித்ததில், அவள் தகப்பனாருக்குக் கடைசிவரை வலது கை மடங்கவில்லை.

"டீச்சரம்மா, சோலார் கம்பெனிக்காரன் ஓடையை மறிச்சு வேலி போடுதான். ஆடுக தண்ணிக்கு எங்கன போகும்? அய்யா ஒரு போன் போட்டாப் போதும்."

மறுக்க மனம் வரவில்லை. அப்பாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவளை உற்றுப் பார்த்தவர் பதறிவிட்டார்.

"ஏட்டி, நீ ஏன் இங்கன வந்த? பின்னாலயே போலீஸ் வரும். ஓடு. நான் இருக்கிற இடத்தைச் சொல்லிரச் சொல்லு உங்கய்யாகிட்ட. அவன் அடி தாங்க மாட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கய்யா சொல்லல அய்யா."

"அடிச்சாங்களா?"

"இல்ல அய்யா. ஒண்ணும் செய்யல. விட்டுட்டாங்க."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

நான் உள்ளே போய்க் கட்சியின் டில்லி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அப்பா பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "எப்போது காலமானார்?" என்றார். உயிரோடு இருக்கிறார் என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விஷயத்தை எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில் இல்லை.

திங்கட்கிழமை அவளோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தேன். ரசீது தந்தார்கள். மூன்று வாரம் கழித்து நான் அவள் ஊருக்குப் போனபோது வேலி முழுதாக நின்றது. ஓடையைச் சரளைக்கல் போட்டு மூடியிருந்தார்கள்.

"இனி என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"பாதி ஆட்டை வித்தாச்சு டீச்சரம்மா. மிச்சத்தை எங்கயாவது தண்ணி கிடக்கிற பக்கமாப் பத்திட்டுப் போவணும்," என்றாள். "நீங்க வெயில்ல நிக்காதீய. பஸ் வார நேரமாச்சு."

அவளே என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டாள்.