ஒரு தெரு முழுக்க மஞ்சள் காமாலை

பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது. காலம் பூரா கணக்கு டீச்சரா இருந்தவளுக்கு வேற எப்படி இருக்கும்? ஆனா எங்க ஸ்கூல்ல உண்மையை எழுதினவங்களுக்குத்தான் தண்டனைன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

எண்பதுகளோட தொடக்கம். ஆரணியில ஒரு அரசுப் பள்ளி, பத்தாவது வகுப்பு என் பொறுப்பு. பாதிப் பிள்ளைங்க தறிக்கார வீடு. அந்த வீட்டு லீவு லெட்டர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: 'பாவு பிணைத்ததால் வர இயலவில்லை.' தறியில நீளவாக்குல ஓடற நூல்தான் பாவு. அது தீர்ந்தா, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட முறுக்கிச் சேர்க்கணும். ஆயிரக்கணக்குல இழை. சின்ன விரலுக்குத்தான் அது ஜல்தியா வரும். முகூர்த்த மாசம் நெருங்கினா தெருவே அதுல உக்காந்துடும், என் வகுப்புல பெஞ்சு காலியா கிடக்கும். அதை மறைக்கணும்னு அவங்களுக்குத் தோணினதே இல்ல. வேலை செஞ்சா வேலைன்னுதானே எழுதுவாங்க.

அந்த வருஷம் பொதுத் தேர்வுக்குப் பேர் அனுப்பற நேரம். ரெண்டு பேருக்கு வருகை குறைச்சல், விலக்கு கிடைக்கலைன்னா எழுத முடியாது. ஒருத்தன் ரைஸ்மில் முதலாளி மகன். இன்னொருத்தி தறிக்காரர் பொண்ணு, வகுப்பிலேயே கணக்குல கெட்டி. பையன் கிரிக்கெட் மேட்ச்சுன்னு ஊர் ஊரா சுத்தினது எல்லாருக்கும் தெரியும். அவன் அப்பா மஞ்சள் காமாலைன்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டாந்தார், ஹெட்மாஸ்டர் சிபாரிசு எழுதிட்டார். பொண்ணோட லெட்டர்ல பூரா பாவுதான். உடம்பு சரியில்லைன்னா மன்னிக்கலாம், தறிக்கு ரூல்ல இடமில்லன்னார் ஹெட்மாஸ்டர் என்கிட்ட.

எனக்கு வந்த கோபம் இருக்கே! ஊர் சுத்தினவன் எழுதலாம், உழைச்சவ எழுதக்கூடாதா? மறுநாளே லீவு போட்டுட்டு பஸ் ஏறி, கல்வி அதிகாரி முன்னாடி போய் நின்னேன். அவர் பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு, ஒரு சர்டிபிகேட் கொண்டாங்கம்மா, இப்பவே கையெழுத்துப் போடறேன்னார். பொய்யைக் கொண்டு வரமாட்டேன், மேல எழுதப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பினேன். பஸ்ல வர்றப்போ எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்தது.

அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷம் எழுதலைன்னா முழுநேரமும் தறின்னு அவ வீட்டில முடிவாயிருந்தது. அடுத்த வருஷம்னு ஒண்ணு அவளுக்குக் கிடையாது. குனிஞ்ச தலை நிமிராம சொன்னா: "உங்க நியாயம் ஜெயிக்கட்டும் டீச்சர். அதுக்குள்ள என் பரீட்சை போயிடுமே."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. யார் பரீட்சையை வெச்சு நான் வீரம் காட்டிகினு இருந்தேன்? அன்னிக்கு சாயந்திரமே ரைஸ்மில்காரர் போன அதே டாக்டர்கிட்ட போய் சர்டிபிகேட் வாங்கினேன். மஞ்சள் காமாலைன்னு லெட்டரை என் கையாலேயே எழுதினேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவ அப்பா, பொண்ணு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களேன்னு பயந்துபோய்க் கேட்டார். ஒண்ணுமில்லன்னு சொல்லிப் பேனாவைக் குடுத்தேன். அவ எழுதினா, பாஸ் பண்ணா, கணக்குல ஸ்கூல் முதல் மார்க்.

அடுத்த வருஷம் முகூர்த்த மாசம் முடிஞ்சு லீவு லெட்டருங்களைப் பிரிச்சேன். முதல் லெட்டர் காமாலை. அடுத்தது காமாலை. அதுக்கடுத்ததும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்ம்பாங்களே, நமக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஒண்ணுல 'பாவு'ன்னு எழுதி, அடிச்சிட்டு, மேல 'காமாலை'ன்னு போட்டிருந்தது. இத்தனை வருஷம் உண்மையை எழுதின தெருவுக்கு நான் பொய்யைக் கத்துக்குடுத்துட்டேன். அழுகை வந்தது. அழுது என்ன ஆகப் போகுதுன்னு லெட்டரை எல்லாம் கட்டி எடுத்துகினு அதே அதிகாரி மேஜை மேல வெச்சேன்.

"ஒரே தெருவுல இத்தனை பேருக்குக் காமாலை சார். ஒண்ணு அந்தத் தெருக் குழாயை மூடுங்க, இல்ல ரூல்ல தறிக்கு ஒரு வரி சேருங்க."

எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். முதல் பொய்யை எழுதினவ நான்தான்."

அப்படின்னா உங்க மேல நடவடிக்கை எடுக்கணுமேம்மான்னார். தாராளமா எடுங்க, காரணத்தை மட்டும் ஒண்ணு விடாம எழுதுங்கன்னேன். ரெண்டு வாரத்துல மெமோ வந்தது. தறி வேலையால் பள்ளிக்கு வராத மாணவர்கள் பொய்க் காரணம் எழுத வழிகாட்டியதாக, டைப் அடிச்சு, முத்திரை குத்தி. தறி வேலையால பிள்ளைங்க வரலைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட முதல் காகிதம் அது. காரணம் தறின்னு நீங்களே எழுதிட்டீங்களே, இப்ப விலக்கு குடுங்கன்னு அதை அதிகாரிகிட்டயே நீட்டித்தான் அந்த வருஷம் அத்தனை பேரையும் பரீட்சை எழுத வெச்சேன்.