உள்ளானின் இடது கால்

கல்யாணப் பெண்ணிடம் "கொஞ்சம் இப்படித் திரும்பும்மா" என்று சொல்லிப் படம் எடுத்துவிடலாம். பறவையிடம் அந்தப் பாச்சா பலிக்காது என்பது கேமராவோடு சேற்றில் நின்று பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் கோட்டுச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கேமரா சும்மா இருக்கும். வெளிநாட்டு வாத்தும் உள்ளான் குருவியும் வந்து இறங்கியிருப்பதும் அப்போதுதான். மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினால் பதினோரு மணி வரை என் ராஜ்ஜியம்.

தலைகீழாக நின்றவை

முதல் நாள் குளத்தில் ஊசிவால் வாத்துகள். நான் கேமராவைத் தூக்குகிற நேரம் பார்த்து எல்லாம் தலையைத் தண்ணிக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டின. அடியில் என்னதான் தின்கின்றன என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தெரியவில்லை, எழுபது படம் மட்டும் சேர்ந்தது.

வயலுக்கு உரம் போட வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததே நான்தான். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தவர் சொன்னார்: "ஏம்மா, எங்க வீட்டுல மூஞ்சிய நல்லாத்தான எடுத்தே? இதுங்களுக்கு மட்டும் ஏன் பின்பக்கமாவே எடுத்து வச்சிருக்கே?"

ஒற்றைக்கால் தவம்

அரசலாறு கடலில் சேருகிற இடத்துச் சேற்றில் உள்ளான்கள் கூட்டமாக மேயும். கைக்குள் அடங்குகிற பறவை. அதில் ஒன்றின் இடது காலில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரிந்தது. படம் எடுத்து, பறவை விவரம் தெரிந்த கல்லூரி சார் ஒருவருக்கு அனுப்பினேன். "பறவை எங்கே போய் வருகிறது என்று தெரிந்துகொள்ள யாரோ பிடித்துக் கட்டி விட்டிருக்கிறார்கள். அதில் உள்ள எழுத்தைப் படித்தால் எங்கே கட்டினது என்று சொல்லிவிடலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தை பிறந்தால் கேமரா கல்யாணத்துக்குப் போய்விடுமே!

மறுநாள் போனால், அது இடது காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வலது காலில் நின்று தூங்குகிறது. தினமும் இதே கதை. கடற்கரையில் நடக்க வருகிற பாய் ஒருவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வானவர், விவரம் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "நாங்க கப்பல்ல போறப்ப பாஸ்போர்ட்ட மடியிலதாம்மா வச்சிருப்போம். கேக்குறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவோமா?"

வீட்டுக்காரர் செய்த உபகாரம்

பத்தாம் நாள் அது நடந்தது. ரெண்டு காலிலும் நின்றது. எழுத்தோடு படம் விழுந்தது. கேமராவின் சின்னத் திரையில் சரியாகப் படிக்க முடியவில்லை, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று ஸ்டூடியோவில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிடப் போனேன்.

திரும்பி வருவதற்குள் அவர் வழக்கமான வேலையை முடித்துவிட்டார். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மணப்பெண்ணுக்குப் பரு எடுப்பதுபோல் பறவையைத் திருத்தி, அதே பெயரில் சேமித்து, கேமரா கார்டில் இருந்ததையும் அழித்துவிட்டார். காலில் பட்டையே இல்லை! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து, பாவம், பெருமையாகவே சொன்னார்: "ஏதோ பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. இப்பப் பாரு, கால் எவ்வளவு லட்சணமா இருக்கு!"

போகியன்று

கடைசி நாள். வீட்டில் வெள்ளையடித்த வாளியைக்கூடக் கழுவாமல் ஓடினேன். உள்ளான் ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தது. முட்டியளவு சேற்றில் நானும் நின்றேன். பத்தரை மணிக்கு அதற்குக் காது அரித்தது. மறைத்து வைத்திருந்த இடது காலைத் தூக்கிச் சொறிந்தது பாருங்கள், தாலி கட்டுகிற நேரத்தில் அழுத்துவதுபோல் பட்டனை அழுத்திய விரலை நான் எடுக்கவே இல்லை. பட்டையில் இருந்த மூன்று எழுத்தும் பளிச்சென்று விழுந்தன.

கார்டைக் கையிலேயே வைத்திருந்து நானே சாருக்கு அனுப்பினேன். பொங்கல் கழித்துப் பதில் வந்தது. பட்டை கட்டியது சீமையில் எங்கேயும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், இதோ இருக்கிற கோடியக்கரையில். அதற்கப்புறம் வருஷாவருஷம் வடதுருவப் பக்கம் போய்க் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்பியிருக்குமாம். நான் அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்: "கோடியக்கரையா? பஸ்ஸுல போயிக் கேட்டுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கலாமே!"

உலகத்தின் உச்சி வரை போய்வருகிற ஒருத்தியை நம்ம பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்துகொள்ள, எனக்கு ஒரு மார்கழியும் சேறு விழுங்கிய மூன்று ஜோடிச் செருப்பும் செலவாயின.