மூன்று ரப்பர் கொட்டை வித்தியாசம்

வாரத்தில் ஒரு நாள் எனக்கு இந்த ஊரில் எண்ணெய் நாற்றத்தோடுதான் பொழுது விடிகிறது. முதுகில் தகர டப்பா சுமந்த ஒரு ஆள் சாக்கடை ஓரமாகவே நடந்து, கையால் பம்பை அடித்து, தேங்கிய தண்ணீர் மேலெல்லாம் எண்ணெய் தெளித்துக்கொண்டு போவான். கொசு முட்டை சாக வேண்டுமாம். நான் அவனை வரச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் மழையோ வெயிலோ வந்துவிடுகிறான். மலாய் நாட்டு ஈப்போவுக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் எலெக்ஷன் வந்தால்தான் சாக்கடை ஓடும். இங்கே சாக்கடை ஓடிக்கொண்டே இருக்கிறது, எலெக்ஷன்தான் இல்லை. நன்றாக ஓடுகிற சாக்கடையைப் பார்த்து எரிச்சல்படுகிற மனிதன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன முனிசிபாலிட்டி. பெயர் வேண்டாம், படிப்பவர்களில் யாராவது கோபித்துக்கொள்வார்கள். அப்பா போன பிறகு வீட்டு வரி என் பெயருக்கு மாறியது. வரியோடு கூட ஓட்டும் வந்தது. எலெக்ஷன் நாளில் வாசலில் மாட்டு வண்டி வந்து நிற்கும். வருஷம் முழுக்க என்னை ஏறிட்டும் பார்க்காத மிராசுதார் "மாப்பிள்ளை, நம்மை மறந்துடாதீங்க" என்று கும்பிடுவார். அந்த நடிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர்க்கோடியில் இருந்த சேரியை வார்டு பிரித்தவர்கள் மூன்று துண்டாக்கி மூன்று வார்டில் சேர்த்திருந்தார்கள். எந்த வார்டிலும் அவர்கள் தலை கணக்கில் ஏறாது. அதனால் சர்க்காரே அவர்களுக்கென்று ஒருவரை நியமித்தது. அவருக்குச் சபையில் தனியாக ஒரு முக்காலி. ஒரு கிணறு வேண்டும் என்று ஒரே ஒரு தடவை எழுந்து கேட்டார். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார்கள், அவ்வளவுதான். பார்வையாளர் பெஞ்சியில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

இங்கே நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி. குமாஸ்தாவை இந்த நாட்டுத் தமிழர் அப்படித்தான் சொல்லுவார்கள். குடியிருப்பது சிலிபின் பக்கம், வண்டிக்காரர்களும் கூலி வேலைக்காரர்களும் நெருக்கிக்கொண்டு வாழ்கிற ஒரு வரிசையில். ஊரை நடத்துவது டவுன் போர்டு. தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. மேசையைச் சுற்றி ஈயச் சுரங்கத் துரைமார்கள், தவுக்கே என்று சொல்லப்படுகிற சீன முதலாளிகள், ஒரு மலாய்ப் பெரியவர், கடைசியில் "இந்தியர்" என்று ஒருவர். எல்லோரும் மேலிடத்தில் பார்த்து நியமித்தவர்கள். "இந்தியர்" என்றால் யார்? தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டிவிட்டு டவுனுக்கு வந்த எங்கள் ஜனங்கள், சாப்பாட்டுக் கடை ராவுத்தர்கள், செட்டியார்கள், பஞ்சாபிக் காவல்காரர்கள், எல்லோரும் அந்த ஒரு நாற்காலிக்குள் அடக்கம். ஊரில் ஒரே தெருவுக்குள் ஒத்துப்போகாதவர்களைக் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்து ஒரே மனிதனாக்கிவிட்டார்கள்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் அங்கம்மா இருக்கிறாள். பீடோர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்து வருஷம் பால் வெட்டியவள். புருஷன் காய்ச்சலில் போனதும், காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் விற்று ஒரு மாடு வாங்கிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டாள். ஒரு மாடு மூன்றாயிற்று. கொட்டகைக்குத் தன் பெயரிலேயே லைசென்ஸ் வாங்கி, வீடு வீடாகவும் கடை கடையாகவும் பால் ஊற்றுகிறாள். ஒரு நாள் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். டவுன் எல்லைக்குள் மாட்டுக் கொட்டகைகளுக்கு இனி லைசென்ஸ் கிடையாது என்று போர்டு உத்தேசித்திருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் அங்கத்தினர் மூலமாகத் தெரிவிக்கலாம், அடுத்த கூட்டத்தில் முடிவாகும் என்று இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொன்னேன்.

"கொட்டாயி போச்சுன்னா நான் எங்க போவேன் அண்ணே? திரும்பப் பீடோருக்கா?" என்றாள். "விடிகாலையில பெரட்டுல போயி நின்னு, கங்காணி பேரு கூப்பிட்டா கையத் தூக்கி… அந்தப் பொழப்பு வேணாம்னு தானே ஓடியாந்தேன்."

பெரட்டு என்பது தோட்டத்தில் ஆளெடுக்கிற இடம். விடிவதற்கு முன்னால் அங்கே வரிசையில் நிற்காதவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவள் அழவில்லை. "நமக்குன்னு ஒரு மெம்பரு இருக்காராமே, அவர்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அதில்தான் சிக்கல். இருந்த மெம்பர் தேகசுகமில்லாமல் கப்பலேறிவிட்டார். நாற்காலி காலி. துரை புதிதாக ஒருவரைத் தேடுகிறார் என்று ஆபீஸ் வட்டாரத்தில் பேச்சு.

இந்த இடத்தில்தான் எனக்குள் இருந்த தஞ்சாவூர் ஜில்லாக்காரன் விழித்துக்கொண்டான். துரை எதற்குத் தேட வேண்டும்? நாமே எலெக்ஷன் நடத்தி, ஜெயித்தவர் பெயரை எழுதிக் கொடுத்தால் என்ன? எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டு பேர் நிற்க ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மொய்தீன் ராவுத்தர், மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், மலாய் தண்ணீர்பட்ட பாடு. அங்கம்மாவின் பால்தான் அவர் கடைக்கு. கொட்டகை விஷயத்தைப் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்தார். இன்னொருவர் முருகேசம் பிள்ளை, ரோடு கண்டிராக்டரின் பெரிய கிராணி, நல்ல இங்கிலீஷ். கோயில் ஊர்வலத்துக்கு மேளம் அடிக்க அனுமதி வாங்கித் தருவேன் என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால், ராவுத்தர் கடைக்குப் பின்னால் இருந்த சரக்குக் கிட்டங்கியில் இரண்டு மண்ணெண்ணெய் டின் வைத்தோம். ஒன்றுக்கு வெள்ளைத் துணி, ஒன்றுக்குச் சிவப்பு. பிடித்தவர் டின்னில் போட ஆளுக்கு ஒரு ரப்பர் கொட்டை. தோட்டத்துப் பக்கம் கொட்டை கொள்ளையாகக் கிடக்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் நானே சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன். வயது வந்த ஆண்கள் பட்டியலையும் நானே எழுதினேன். எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது! இந்த மண்ணில் இப்படி ஒன்று நடக்கிறது, அதை நடத்துகிறவன் நான் என்ற நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நடுவில் அங்கம்மா வந்து என் மேசைமுன் கையை நீட்டினாள்.

"எனக்கொரு கொட்டை குடுங்க அண்ணே."

"பொம்பளைக்கு இதுல என்ன வேலை?" என்றார் பிள்ளை. "வீட்டுக்குப் போம்மா."

"கொட்டாயி லைசென்ஸு என் பேர்ல இருக்கு. இங்க நிக்கிற ஆம்பளைங்க பேர்ல எல்லாம் என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தர் வெளியே எதையோ பார்த்தார். சென்னை ராஜதானியில் வரி கட்டுகிற பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். அவள் சொன்ன நியாயம் எங்கள் ஊர்ச் சட்டத்துக்கே பொருந்துகிற நியாயம். ஆனால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. "பட்டியல்ல இல்லையே, அங்கம்மா" என்றேன். பட்டியலை எழுதியவன் யார் என்று அவள் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். சேரிக்காரருக்குத் தனி முக்காலி போட்டவர்களைப் பற்றி இனி நான் வாய் திறக்க யோக்கியதை இல்லை.

எண்ணிப் பார்த்ததில் ராவுத்தர் மூன்று கொட்டை வித்தியாசத்தில் ஜெயித்தார். பிள்ளை முகம் சுண்டினாலும் கை குலுக்கினார். நான் அன்றைக்கே துரைக்கு விண்ணப்பம் எழுதினேன். இன்னாருக்கு இத்தனை, இன்னாருக்கு இத்தனை என்று ஒன்று விடாமல், நேர்மையாக. எங்கள் ஊரில் ஒரு ஓட்டில் ஜெயித்தவனுக்கும் மாலைதான். அந்தப் பழக்க தோஷம் என்னைக் கவிழ்க்கும் என்று நான் கண்டேனா?

நாலு நாள் கழித்துத் துரை கூப்பிட்டனுப்பினார். சின்ன வயதில் சென்னையில் தங்கித் தமிழ் கற்றுக்கொண்டவர். புத்தகத் தமிழ் பேசுவார்.

"உம்முடைய ஜனங்களுக்குள் என்ன சண்டை?" என்றார்.

"சண்டை இல்லை, துரை. எலெக்ஷன்."

"அதற்கு உத்தரவு கொடுத்தது யார்?"

"யாரும் கொடுக்கவில்லை. நாங்களாகவே நடத்தினோம்."

விண்ணப்பத்தை விரலால் தட்டினார். "உங்களில் பாதிப் பேர் இந்த ராவுத்தர் வேண்டாம் என்கிறார்கள். அப்படித்தானே?"

"பாதிக்குக் கொஞ்சம் குறைவு, துரை" என்றேன். என்னைப் போல ஒரு முட்டாள் அந்த நாற்காலியில் அதற்கு முன்பு உட்கார்ந்திருக்கமாட்டான்.

"இரண்டு கட்சிக்கும் வேண்டியவர் உங்களில் ஒருவரும் இல்லை, எந்தக் கட்சியையும் சேராதவரைத்தான் தேட வேண்டும்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை. எங்கள் மேல் நிஜமாகவே பரிதாபப்பட்டார். வெளியே வந்தபோது ஆபீஸ் கிராணி காதைக் கடித்தார். சீனர்கள் தங்கள் சங்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, அடிதடி என்றாலும் உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொண்டு, ஒரே பெயரை எழுதிக் கொடுப்பார்களாம். நாங்கள்தான் சண்டையை எண்ணி, கூட்டிப் போட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

"தம்பி, தோத்தவரு கணக்க எதுக்கு எழுதுனீங்க லா?" என்று ராவுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஜெயிச்ச பேர மட்டும் எழுதியிருந்தா முடிஞ்சுபோச்சு."

"நான் நின்னிருக்கவே வேணாம்" என்றார் பிள்ளை. அவராவது அதைச் சொன்னார்.

எந்தக் கட்சியையும் சேராதவர் என்று துரை நியமித்தவர் புதிதாக வந்த ஒரு வக்கீல், வடக்கத்தியர். தமிழ் தெரியாது, சிலிபினைப் பார்த்ததில்லை. அங்கம்மாவை அழைத்துக்கொண்டு அவர் பங்களாவுக்குப் போனேன். மரியாதையாக உட்காரவைத்தார். நான் இங்கிலீஷில் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, டின் பால் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டார். அவர் வீட்டில் டின் பால்தானாம், அதில் நோய்க் கிருமி கிடையாதாம். அங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே சொல்றாரு?" "யோசிக்கிறேன்னு சொல்றாரு" என்று பொய் சொன்னேன்.

கூட்டம் நடந்த மறு வாரம் இங்கிலீஷ் பத்திரிகையில் நாலு வரி வந்தது. கொட்டகைத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியர்கள் சார்பில் ஆட்சேபணை இல்லை என்று இந்திய அங்கத்தினர் தெரிவித்தார். இந்தியர்கள் சார்பில்! அதாவது ராவுத்தர் சார்பில், பிள்ளை சார்பில், என் சார்பில், வாயில்லாத மூன்று மாட்டை வைத்துக்கொண்டிருக்கிற அங்கம்மா சார்பில். அவள் கொட்டகையை இடிக்க அவளே சம்மதித்தாள் என்று அச்சில் ஏறிவிட்டது. இதை அவளுக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன். "நான் எப்ப அப்பிடிச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்களே, "அங்கே எல்லாம் ஒழுங்காமே" என்று கேட்கிறீர்கள். ஒழுங்குதான், இல்லை என்று யார் சொன்னது? வார்டு வைத்து ஓட்டுப் போட்டால் சின்னக் கூட்டத்தைத் துண்டு போட்டுக் கரைக்கிறார்கள். நியமித்தால் யாரையும் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து நம் எல்லோருடைய வாயிலும் வைக்கிறார்கள். நாமே நடத்தினாலோ, பட்டியல் எழுதுகிறவன் கை அங்கம்மாவின் பெயருக்கு வரும்போது நின்றுவிடுகிறது. எதைத்தான் மெச்சுவது? இங்கே இருக்கிற சக தமிழர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த முறை பட்டியல் எழுத என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால், முதல் பெயராக அவள் பெயரைத்தான் எழுதுவேன்.

அங்கம்மா பீடோருக்குத் திரும்பவில்லை. சிலிபினைத் தாண்டி, டவுன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு மலாய்க்காரர் தன் தோப்பில் இடம் கொடுத்தார். மாடுகள் அங்கே. அவள் குடியிருப்பது இன்னும் எங்கள் வரிசையில்தான். காலையிலும் மாலையிலும் அவ்வளவு தூரம் நடந்து, கறந்து, சுமந்து வருகிறாள். பாதிக் கடைகளுக்குப் பால் நேரத்துக்குப் போய்ச் சேராமல் வாடிக்கை நின்றுவிட்டது. ராவுத்தர் மட்டும் வாங்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அங்கே போனேன். முந்திய நாள் வந்த தம்பியின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எல்லைக் கல்லில் உட்கார்ந்து, அவள் கறந்துகொண்டிருக்கும்போது படித்துக் காட்டினேன். ஊரில் முனிசிபல் எலெக்ஷன் முடிந்ததாம். "உன் ஓட்டும் விழுந்துவிட்டது. உன் பெயரைக் கூப்பிட்டபோது யாரோ ஒருவர் வந்து, நான்தான் என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனாராம். நீ இல்லாத குறையே தெரியவில்லை" என்று எழுதியிருந்தான். ஒரு வார்த்தை வருத்தம் இல்லை.

அங்கம்மா கறப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தாளு நல்லவனுக்காச்சும் போட்டானா அண்ணே?"

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தம்பி அதை எழுதவில்லை. அங்கே நானாக நின்று கை நீட்டியவன் யாரோ, யாருக்குப் போட்டானோ என்று நினைத்தபடியே அந்தக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு கால் டவுனுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக.